ஒரு கொக்கி ஊசியும் சில விருதுகளும்

விருதுன்னு சொன்னா நம்ம எல்லாருக்கும் ஒரு வரிசை மனசுல ஓடும். பத்மஸ்ரீ, சாகித்ய அகாதமி, கலைமாமணி... கடைசில ஸ்கூல் ஆண்டு விழால குடுத்த எவர்சில்வர் டம்ளர். இந்த வரிசைல எங்கயாவது குரோஷேவுக்கு இடம் இருக்கான்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க வீட்டு ரங்கமணி சிரிச்சார். "நூலைக் கொக்கில மாட்டி இழுக்கறதுக்கெல்லாமா விருது குடுப்பாங்க?" அப்படின்னார். சரி, இந்த மனுஷனுக்குன்னே ஒரு பதிவு போட்டுடலாம்னு உக்காந்தாச்சு. நீங்களும் கூட சேர்ந்து படிச்சுடுங்க.

மொதல்ல ஒரு விஷயம். "ஓ, ஸ்வெட்டர் பின்றதுதானே?"ன்னு யாராவது கேட்டா எனக்கு காதுல புகை வரும். ஸ்வெட்டர் ரெண்டு ஊசி சமாச்சாரம். நூறு இருநூறு கண்ணி ஒரே நேரத்துல ஊசில தொங்கிட்டு நிக்கும். குரோஷேக்கு ஒரே ஊசி, முனைல ஒரு சின்னக் கொக்கி, கைல ஒரே ஒரு கண்ணி. அதை முடிச்சுட்டுதான் அடுத்தது. எங்க அம்மா தலைமுறைல 'குரோஷா'ன்னுதான் சொல்வாங்க. டிவி மேல ஒரு விரிப்பு, ரேடியோ மேல ஒரு விரிப்பு, தண்ணி ஜாடி மேல ஓரத்துல மணி கோத்த ஒரு மூடி. உங்க வீட்டுலயும் இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. யாரு போட்டதுன்னு யாரும் கேட்டிருக்க மாட்டீங்க, அது தானா அங்க மொளைச்ச மாதிரி.

இன்னொண்ணும் சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். ஸ்வெட்டர் பின்னலுக்கு எந்திரம் வந்து நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நிஜமான குரோஷேவை மொத்தமா பின்னித் தள்ற எந்திரம் தொழிற்சாலைகள்ல இன்னிக்கும் கிடையாது. அதாவது மால்ல ஏதோ ஒரு கடைல குரோஷே பை ஒண்ணு தொங்குதுன்னா, அது எவ்வளவு மலிவா இருந்தாலும் சரி, எங்கயோ யாரோ ஒருத்தர் கையால போட்டதுதான். வெலைச் சீட்டைப் பாத்துட்டு அந்தக் கைக்கு எவ்வளவு போயிருக்கும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டா பை வாங்கவே தோணாது.

சரி, விருதுக்கு வர்றேன்.

நான் ரொம்ப ரசிச்ச கதை, ஒரே புத்தகம் ரெண்டு விருது வாங்கின கதை. ஒண்ணு கிண்டலுக்குக் குடுத்தது. இன்னொண்ணு மரியாதைக்குக் குடுத்தது.

டைனா தைமினான்னு ஒருத்தங்க. லாட்வியாக்காரங்க. சின்னப் பொண்ணா இருந்தப்பவே அங்க ஊசி வேலை எல்லாம் கத்துக்கிட்டவங்க. அப்புறம் அமெரிக்கா போய் கார்னெல் பல்கலைக்கழகத்துல கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. வடிவியல்ல 'ஹைபர்பாலிக் தளம்'னு ஒண்ணு உண்டு. பயந்துடாதீங்க, நமக்குத் தெரிஞ்சதுதான். மேஜை தட்டையா இருக்கு, அது ஒரு வகை. பந்து உள்பக்கமா வளைஞ்சு மூடிக்குது, அது ஒரு வகை. மூணாவதா, ஓரம் அடங்காம சுருக்கு சுருக்கா பொங்கிட்டே போற வகை. கோழிக்கொண்டைப் பூவைப் பாத்திருக்கீங்களா? அதேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல லோபசெவ்ஸ்கி, போல்யாய்னு ரெண்டு பேர் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க. அதுலேர்ந்து கணக்கு வாத்தியாருங்க எல்லாம் பேப்பர்ல சமன்பாடா எழுதுவாங்க, வட்டத்துக்குள்ள படமா போடுவாங்க. கைல எடுத்து மடிச்சுப் பாக்கணும்னா? வில்லியம் தர்ஸ்டன்னு ஒரு பெரிய கணித மேதை காகித வளையங்களை வெட்டி ஒட்டி ஒரு மாதிரி செய்யற வழி சொல்லியிருந்தார். ஒட்டறதுக்கு நேரம் ஆகும், ரெண்டு தடவை தொட்டா கிழியும்.

1997ல ஒரு பயிலரங்கத்துல இந்த மாதிரி ஒரு காகித மாதிரியைப் பாத்துட்டு, தன் வகுப்புப் பசங்களுக்கு இது தாங்காதேன்னு தைமினா யோசிச்சாங்க. மொதல்ல ரெண்டு ஊசில பின்னிப் பாத்தாங்களாம், கண்ணி எண்ணிக்கை எகிறி சமாளிக்க முடியல. அப்புறம் கொக்கி ஊசிய எடுத்தாங்க. ஒரே கண்ணிதானே கைல, எவ்வளவு வேணா எகிறட்டும். முடிஞ்சுது வேலை.

நீங்களும் போட்டுப் பாக்கலாம். 20 செயின் போடுங்க. அதுக்கு மேல சிங்கிள். ஒவ்வொரு அஞ்சாவது தையலையும் போட்டதுக்கப்புறம் அதே ஓட்டைல இன்னொண்ணு கூடுதலா போட்டுடுங்க. வரிசைக்கு வரிசை அதே விதி, மாத்தவே கூடாது. மொதல் வரிசைல 24 ஆகும். பத்தாவது வரிசை வரும்போது 120 தாண்டியிருக்கும். இருபதாவது வரிசைல 760 தாண்டும். தட்டையான வட்டம் போடறப்ப சுத்துக்கு ஆறு ஆறா மட்டும் கூட்டுவோம் பாருங்க, அது அடக்கமா படுத்துக்கும். இது விகிதத்துல கூடறதால அடங்காது, பொங்கும். நான் ஊதா ஆங்கர் நூல்ல ஆரம்பிச்சு பதினாலாவது வரிசைல நூல் உருண்டை காலி, விரலும் காலி. மக வந்து பாத்துட்டு "காலிஃபிளவராம்மா?"ன்னா. அவளுக்கு உக்கார வெச்சு கணக்கு சொல்ல ஆரம்பிச்சேன், பாதில எழுந்து போயிட்டா. அது இப்போ ஷோகேஸ்ல இருக்கு, வர்றவங்க எல்லாம் என்னன்னு கேக்கறாங்க. "யூக்ளிடுக்கு அடங்காதது"ன்னு சொல்றேன் :-)

இதை எல்லாம் வெச்சு அவங்க எழுதின புத்தகம் 2009ல வந்துது. தலைப்பைத் தமிழ்ல சொன்னா 'ஹைபர்பாலிக் தளங்களோடு குரோஷே சாகசங்கள்'. லண்டன்ல 'தி புக்செல்லர்'னு புத்தக வியாபாரிகளுக்கான பத்திரிகை ஒண்ணு இருக்கு. அவங்க 1978லேர்ந்து வருஷத்தோட படு வினோதமான தலைப்புக்கு 'டயக்ராம் பரிசு'ன்னு ஒண்ணு குடுக்கறாங்க. முதல் வருஷம் ஜெயிச்சது, முடி இல்லாத ஆய்வக எலிகளைப் பத்தி நடந்த ஒரு கருத்தரங்கத் தொகுப்பு. அதை 'நிர்வாண எலிகள்'னு தலைப்புல போட்டு வெச்சிருந்தாங்க, மாட்டிக்கிட்டாங்க. அந்தப் பரிசுதான் 2009ம் வருஷத்துக்கு தைமினா புத்தகத்துக்குப் போச்சு. 2010 மார்ச்ல அறிவிச்சாங்க. போட்டில இருந்த இன்னொரு புத்தகம் நாஜி ஜெர்மனிக் காலத்துக் கரண்டிகளைச் சேகரிக்கறது எப்படின்னு. அதையும் தாண்டி ஜெயிச்சிருக்கு நம்ம குரோஷே! இதுல வேடிக்கை, எழுதினவங்களுக்குப் பரிசு எதுவும் கிடையாது. தலைப்பைக் கண்டுபிடிச்சு அனுப்பினவருக்கு ஒரு பாட்டில் ஒயின், அவ்வளவுதான்.

அதாவது 'குரோஷே'ங்கற வார்த்தையும் 'ஹைபர்பாலிக்'ங்கற வார்த்தையும் பக்கத்து பக்கத்துல வந்தாலே உலகத்துக்கு சிரிப்பு வருது. பாட்டி செய்யற வேலை, பேராசிரியர் செய்யற வேலை, ரெண்டும் எப்படி ஒண்ணா வரும்னு. சிரிப்புல தப்பில்ல, நானும்தான் சிரிச்சேன். ஆனா கதை அங்க முடியல. 2012ல அமெரிக்கக் கணிதச் சங்கம் (அங்க ரெண்டு மூணு சங்கம் உண்டு, நான் சொல்றது கல்லூரிக் கணிதத்துக்கான எம்.ஏ.ஏ.) ஆய்லர் புத்தகப் பரிசை இதே புத்தகத்துக்குக் குடுத்துது. கணக்கைப் பத்தி பொதுஜனங்களோட பார்வைய நல்லவிதமா மாத்தக்கூடிய சிறந்த புத்தகத்துக்குக் குடுக்கற பரிசு அது. ரெண்டு வருஷம் முன்னாடி தலைப்பைப் பாத்து சிரிச்சாங்க, அப்புறம் ஒருத்தராவது உள்ள பிரிச்சுப் படிச்சிருக்காங்க.

இதே சுருக்குப் பின்னலை வெச்சுதான் மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம்னு ஆஸ்திரேலியாலேர்ந்து போன அக்கா தங்கை ரெண்டு பேர் 2005ல லாஸ் ஏஞ்சலஸ்ல பவளப்பாறை பின்ன ஆரம்பிச்சாங்க. பவளமும் கோழிக்கொண்டை ஜாதிதானே. ஊர் ஊரா பெண்கள் சேர்ந்து பின்னி, அது 2019ல வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி வரைக்கும் போச்சு. அதைப் பத்தித் தனியா எழுதணும், இங்க இழுத்தா பதிவு நூல் உருண்டை மாதிரி ஓடிடும்.

அடுத்தது நம்மூர்க் கதை. சென்னைல 'மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்'னு ஒரு குழு. சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பிச்சது. 2016 ஜனவரி 31 அன்னிக்கு உலகத்துலயே பெரிய குரோஷே போர்வைன்னு கின்னஸ் வாங்கினாங்க. 11,148.5 சதுர மீட்டர். இந்த நம்பரைப் பாத்தா ஒண்ணும் உறைக்காது. நம்ம பாஷைல சொன்னா 1,20,000 சதுர அடி. கிரவுண்டுக்கு 2,400 சதுர அடின்னா... 50 கிரவுண்டு! ஒரு கிரவுண்டு வாங்கறதுக்கே தலைகீழா நிக்கற ஊர்ல அம்பது கிரவுண்டைக் கையால போட்டு விரிச்சிருக்காங்க. பல ஊர், பல நாட்டுலேர்ந்து பெண்கள் சதுரம் சதுரமா பின்னி அனுப்பி, எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சு.

அதோட விடல. 2017 மே மாசம் 14.089 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஸ்கார்ஃப். மெரினாவை இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ரெண்டு தடவை அளந்தாலும் மிச்சம் இருக்கும். 2018 ஜனவரில 58,917 குரோஷே பொம்மைகளை ஒரே இடத்துல அடுக்கி இன்னொரு கின்னஸ்.

உண்மையச் சொல்லணும்னா எனக்கு இந்த சாதனைப் பைத்தியம் பிடிக்காது. பெரிய இட்லி, நீளமான தோசை, ஒரே நேரத்துல ஆயிரம் பேர் பரதநாட்டியம்னு நம்ம ஊர்ல இதுக்கு ஒரு கூட்டமே அலையுது. கின்னஸ்காரங்க டேப் வெச்சு அளப்பாங்க, எண்ணுவாங்க. தையல் ஒரே சீரா இருக்கா, ஓரம் இழுத்திருக்கான்னு எல்லாம் மார்க் போட மாட்டாங்க. அது அவங்க வேலையும் இல்ல. ஆனா இந்தப் போர்வை விஷயத்துல எனக்கு மனசு இளகிடுச்சு. ஏன்னா அதுவரைக்கும் வீட்டுக்குள்ள தனித்தனியா, டிவி பாத்துக்கிட்டே, "எப்பப் பாரு இந்த ஊசிதானா"ன்னு திட்டு வாங்கிக்கிட்டே போட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் ஒரு நாள் ஒரு மைதானத்துல கூடி, மத்தவங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு கண்ணால பாத்திருக்காங்க. இட்லி மாதிரி மறுநாள் ஊசிப் போகவும் இல்ல. பிரிச்சு, போர்வை இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டாங்க. அமெரிக்கால கிராமத்துச் சந்தை மாதிரி கவுண்டி திருவிழா நடக்கும், அங்க ஊறுகாய்க்கும் பூசணிக்காய்க்கும் பக்கத்துலயே குரோஷேவையும் வெச்சு நீல ரிப்பன் குத்துவாங்க. அங்க ஆளு ஆளுக்குத் தனி ரிப்பன். இங்க அம்பது கிரவுண்டுக்கும் சேர்த்து ஒரே பேர். ரெண்டுல எது ஒசத்தின்னு எனக்கு சொல்லத் தெரியல. நானா இருந்தா ரெண்டும் வேணும்னு கேப்பேன்.

சரி, இப்போ ஏன் இவ்வளவு விருது ஆராய்ச்சின்னா, இந்த வருஷம் மகளிர் தினத்துக்கு எங்க குடியிருப்புல என்னை நடுவராக்கிட்டாங்க. (கெட்ட நேரம்.) வழக்கமா ரங்கோலி, அடுப்பில்லா சமையல், மியூசிகல் சேர்னு ஓட்டிடுவாங்க. இந்தத் தடவை 'கைவேலைப் போட்டி'ன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. நான் லிஃப்டுல கூட ஊசியும் கையுமா நிக்கறவள்னு ஊருக்கே தெரியும், அதனால அழைப்பு. சம்பளம் ஒரு ரோஜாப்பூ, ரெண்டு சமோசா.

மொத்தம் 11 பேர், அதுல 6 குரோஷே. ஒரு பிள்ளையார் பொம்மை, துதிக்கை சூப்பரா வளைச்சிருந்தாங்க. ஒரு குழந்தை கவுன். ரெண்டு பை. ஒரு செல்ஃபோன் உறை (அது ரெண்டு மணி நேரத்துல போட்டதுன்னு பாத்தாலே தெரியும், பாவம், நோட்டீஸ் பாத்துட்டு அன்னிக்குதான் உக்காந்திருக்காங்க). அப்புறம் ஒரு மேஜை விரிப்பு.

குரோஷேவுக்கு மார்க் போடறது ரொம்ப சுலபம், மொதல்ல திருப்பிப் பாக்கணும். முன்பக்கம் எல்லாருமே அழகா வெச்சிருப்பாங்க. பின்பக்கத்துல நூல் முனை எங்க ஒளிஞ்சிருக்கு, புது நூல் சேர்த்த இடம் தடிச்சிருக்கா, கலர் மாத்தின இடத்துல முடிச்சு போட்டு விட்டுட்டாங்களா, இதெல்லாம் அங்கதான் பேசும். அப்புறம் இழுப்பு. கோவமா இருக்கற அன்னிக்குப் போட்ட வரிசை இறுக்கமா இருக்கும், தூக்கத்துல போட்டது லூசா இருக்கும். ஒரு பெரிய விரிப்பைக் கைல எடுத்துத் தடவிப் பாத்தா போட்டவங்களோட ஆறு மாசம் அதுல தெரிஞ்சுடும்.

அந்த மேஜை விரிப்புல எனக்கு ஒண்ணும் தெரியல. அவ்வளவு சீரு. 20ம் நம்பர் மெல்லிசு நூல், ஸ்டீல் ஊசி, பழைய அன்னாசி டிசைன். நடுவுல எட்டு அன்னாசி, சுத்தி பதினாறு, வெளில முப்பத்திரெண்டு. கஞ்சி போட்டு, குண்டூசி குத்திக் காயவெச்சு, அன்னாசி ஒவ்வொண்ணோட முனையும் ஒரே அளவுல நிக்குது. திருப்பிப் பாத்தேன். எது முன்பக்கம்னு கண்டுபிடிக்க முடியல. நான் முப்பது வருஷமா போடறேங்க. எனக்கு இப்படி வராது.

கொண்டு வந்தது எங்க பின் பிளாக்ல வாடகைக்கு இருக்கற ஒரு அக்கா. அதிகம் பேச மாட்டாங்க. நான் முழு மார்க் போட்டுட்டேன். அப்போதான் கமிட்டில ஒரு அம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. "அவங்களைப் போட்டில சேக்கறது சரியா மேடம்? அவங்க காசுக்குப் போட்டுக் குடுக்கறவங்க. இது ஹாபி போட்டிதானே?"

நான் போய் அந்த அக்காகிட்டயே கேட்டேன். ஆமா, ஒரு கடைக்குக் குழந்தைங்க ஷூவும் தொப்பியும் போட்டுக் குடுக்கறாங்க, ஆறு வருஷமா. நூல் கடைக்காரங்க குடுத்துடுவாங்க. ஒரு ஜோடி ஷூவுக்கு 45 ரூபாய். எவ்வளவு நேரம் ஆகும்க்கா? "கரண்ட் இருந்தா ஒண்ணரை மணி நேரம்." கடைல அந்த ஜோடி என்ன வெலைன்னு அவங்க சொல்லல, நான் ஏற்கனவே பாத்திருக்கேன். 350. மேல கடையோட பேர் போட்ட அட்டை தொங்கும்.

"இந்த விரிப்பு யாருக்குக்கா போட்டது?"

"இது மட்டும் எனக்குன்னு போட்டது மேடம். ஏழு மாசமா ராத்திரில."

திரும்பி வந்து கமிட்டி அம்மாகிட்ட சொன்னேன், "சங்கீத கலாநிதி வாங்கினவங்க எல்லாம் ஓசிலயா பாடினாங்க? காசு வாங்கறதாலயே ஒருத்தங்களுக்குப் பரிசு கிடையாதுன்னா மியூசிக் அகாதமிய இழுத்து மூட வேண்டியதுதான்." அவங்க முகம் சுருங்கிடுச்சு. இன்னொருத்தங்க சமாதானமா, "வேணும்னா ஆறுதல் பரிசு குடுத்துடலாமே"ன்னாங்க. யாருக்கு ஆறுதல்னு எனக்குப் புரியல. நோட்டீஸ்ல ஹாபிங்கற வார்த்தையே இல்லன்னு காட்டினேன். கடைசில மார்க் போட்டது போட்டபடி இருக்கட்டும்னு ஆச்சு. முதல் பரிசு மேஜை விரிப்புக்கு, ரெண்டாவது பிள்ளையாருக்கு. பிள்ளையார்க்காரங்க அன்னிலேர்ந்து லிஃப்டுல என்னைப் பாத்தா செல்ஃபோனைப் பாத்துக்கறாங்க. பரவால்ல.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. இந்த 'ஹாபி', 'காசுக்குப் போடறவங்க' கோடு யாரு கிழிச்சதுன்னு யோசிச்சுக்கிட்டே மரியா மீஸ் எழுதின நர்சாபூர் புத்தகத்தை எடுத்தேன். 1982ல வந்தது. ஆந்திராவுல மேற்கு கோதாவரிப் பக்கம் நர்சாபூர், அங்க சுத்துவட்டாரம் முழுக்க குரோஷே லேஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டுல மிஷனரிங்க சொல்லிக் குடுத்தது. (நாகர்கோவில் பக்கம் மார்த்தா மால்ட் ஆரம்பிச்ச லேஸ் வேறங்க, அது தலையணை மேல குண்டூசி குத்திக் கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டு முறுக்கறது. கொக்கி ஊசி இல்ல. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிடறாங்க.) மீஸ் 1970களோட கடைசில அங்க போய் அந்தப் பெண்களோட பேசியிருக்காங்க. வீட்டு வேலை எல்லாம் செஞ்சது போக ஒரு நாளைக்கு ஆறுலேர்ந்து எட்டு மணி நேரம் லேஸ். ஒருத்தி பூ போடுவா, இன்னொருத்தி பூக்களை இணைப்பா, ஆக முழு விரிப்பு எப்படி இருக்கும்னு பூ போட்டவ பாத்திருக்கவே மாட்டா. சரக்கு வெளிநாடு போகும். ஏற்றுமதிக்காரர் 'வியாபாரி'. இவங்க? 'சும்மா வீட்டுல இருக்கற பொம்பளைங்க, பொழுதுபோக்குக்குப் போடறாங்க'. அதனால கூலின்னு பெருசா குடுக்க வேண்டாம்.

பாருங்க, அங்க 'பொழுதுபோக்கு'ன்னு சொல்லிக் கூலியக் கொறைச்சாங்க. இங்க எங்க ஹால்ல 'பொழுதுபோக்கு இல்ல, கூலிக்குப் போடறாங்க'ன்னு சொல்லிப் பரிசைக் கொறைக்கப் பாத்தாங்க. ஒரே கோட்டை எந்தப் பக்கம் வேணாலும் நகர்த்திக்கறாங்க. நர்சாபூர் குரோஷேவுக்கு 2024ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. எனக்கு நிஜமா சந்தோஷம்தான், போலிச் சரக்கு தடுக்க அது உதவும். ஆனா அது ஊர் பேருக்குக் கிடைச்சது. பூ போட்டவ கைக்கு ஒரு பூவுக்கு எத்தனை காசு கூடுச்சுங்கறது வேற கணக்கு.

பழைய விருதுக் கதைலயும் இதேதான். 1851ல லண்டன்ல கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினாங்களே, அதுல குரோஷே டிசைனுக்காகப் பதக்கம் வாங்கினவங்க ரியேகோ த லா பிரான்சார்டியேர்னு ஒரு அம்மா. (பேரை ஒரே மூச்சுல சொல்லிப் பாருங்க!) எழுபதுக்கு மேல பின்னல் புத்தகம் போட்டவங்க, கெட்டிக்காரி, சந்தேகமே இல்ல. வாங்கின பதக்கத்தை எல்லாம் விளம்பரத்துலயும் போட்டுக்குவாங்க. அதே சமயம் அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம், பத்து லட்சம் பேர் செத்த பஞ்சம். 1847ல குளோன்ஸ்ங்கற ஊர்ல பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் ஊர்ப் பெண்களுக்கு குரோஷே லேஸ் பழக்கி விட்டாங்க. ஒரு கொக்கி, கொஞ்சம் நூல், முதலே வேண்டாம். அதை வித்துக் குடும்பம் குடும்பமா பொழைச்சிருக்காங்க. அந்த லேஸ் இன்னிக்கும் அருங்காட்சியகங்கள்ல இருக்கு. ரியேகோ பேர் இருக்கு, ஹேண்ட் அம்மா பேர் இருக்கு. பின்னினவங்க பேருக்குப் பதிலா 'ஐரிஷ் லேஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு'ன்னு ஒரு சீட்டுதான் பெரும்பாலும்.

இதைப் படிச்சுட்டு இருக்கும்போதுதான் அந்த அக்கா கதவைத் தட்டினாங்க. கைல சுருட்டின சர்டிபிகேட். உள்ள வரல, வாசல்லயே நின்னாங்க.

"மேடம், ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க."

பிரிச்சுக் காட்டினாங்க. கெட்டி அட்டை, தங்கக் கலர் பார்டர் எல்லாம் அமர்க்களம். நடுவுல 'திருமதி'ன்னு போட்டு, அதுக்கப்புறம் அவங்க வீட்டுக்காரர் பேர். அவ்வளவுதான். பராமரிப்புக் கட்டணம் வசூல் பண்ற பட்டியலை அப்படியே எடுத்து எல்லாருக்கும் 'திருமதி' சேர்த்து அச்சடிச்சிருக்காங்க. எனக்கு நடுவர்னு குடுத்த அட்டையப் போய் எடுத்துப் பாத்தேன். அதுலயும் ரங்கமணி பேர்தான்! நான் பாக்கவே இல்ல, சமோசா மேல கவனமா இருந்திருக்கேன் போல.

"இது அவர் போட்டதில்லையே மேடம்"னாங்க அக்கா. கோவமா எல்லாம் இல்ல. தையல் எண்ணிக்கை ஒண்ணு கொறையுதுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா.

மறுநாள் காலைல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற ஜெராக்ஸ் கடைல புதுசா அடிச்சு வாங்கினோம். 30 ரூபாய். அவங்க பேர், அப்பா பேரோட முதல் எழுத்து, கீழ 'குரோஷே, முதல் பரிசு'. எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கச் சொல்லி அக்காவே கடைப் பையன்கிட்ட நின்னு சொன்னாங்க. கமிட்டி சீலுக்கு நான் மூணு தடவை ஆபீஸ் ரூம் படியேறினேன். மூணாவது தடவை குத்திக் குடுத்துட்டாங்க. என்னோடதையும் மாத்தலாமான்னு யோசிச்சேன். ரங்கமணி, "விடு, எனக்கும் வாழ்க்கைல ஒரு விருது கிடைச்ச மாதிரி இருக்கட்டும்"னுட்டார். ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கார்.

பி.கு.: அன்னாசி விரிப்புக்குக் கஞ்சி எப்படிப் போட்டாங்கன்னு கேட்டு வாங்கியாச்சு. பச்சரிசிக் கஞ்சித் தெளிவு, ஆறினதும் மெல்லிசுத் துணில வடிகட்டணும். விரிப்பை முழுசா நனைச்சு, பிழியாம டவல்ல உருட்டி அழுத்தணும். அப்புறம் தெர்மோகோல் மேல, நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளில போற மாதிரி குண்டூசி. துரு பிடிக்காத ஊசியா பாத்து வாங்கிக்கோங்க, இல்லன்னா ஏழு மாச வேலைல மஞ்சப் புள்ளி விழுந்துடும்.